துணிக்கடைக்கு ஏழாவது படியில்தான் போங்கள்: கோலாலம்பூரில் அன்றாட உடைகளை நாமே தைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தையல் கற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தையல் வந்துவிடுகிறது, நான்கைந்து உடை தைத்தும் முடித்துவிடுகிறார்கள், ஆனால் திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது கை போவது கடையில் வாங்கிய அதே பழைய சட்டைக்குத்தான். தைத்தவை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது, இல்லாவிட்டால் எல்ஆர்டி ரயிலில் ஏறினால் குளிரும், இறங்கி நடந்தால் முதுகில் ஒட்டும்.

தப்பு தையலில் இல்லை, வரிசையில். துணியை முதலில் வாங்கிவிட்டு "இதில் என்ன தைக்கலாம்" என்று யோசிப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். நேர்த்தையல் போடவும் மடித்து அடிக்கவும் தெரிந்தால் போதும். பெண்களின் அன்றாட உடையை வைத்து எழுதியிருக்கிறேன், ஆனால் திட்டம் போடும் பகுதி ஆண்களுக்கும் அப்படியே பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை

நேர்த்தையலும் வளைவுத் தையலும் (ஜிக்ஜாக்) போடும் சாதாரண மிஷின் போதும், பிசிறு வராமல் ஓரத்தைப் பின்னும் ஓவர்லாக் மிஷின் இப்போது வேண்டாம். இஞ்ச் டேப், நீள ஸ்கேல், சாக், குண்டூசி, தையல் பிரிக்கும் கருவி, துணிக்கு மட்டும் என்று ஒரு கத்தரி (அதில் யாரும் காகிதம் வெட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள், சொன்னாலும் வெட்டுவார்கள், ஒளித்தே வையுங்கள்), நல்ல இஸ்திரிப் பெட்டி.

மிஷின் ஊசியில் மூன்று எண் வாங்குங்கள். சாதாரண காட்டனுக்கு 80/12, ரேயான், வாயில் துணி மாதிரி மெல்லியதற்கு 70/10, தடித்த துணிக்கு 90/14. டி-ஷர்ட் துணி தைப்பதாக இருந்தால் நுனி உருண்ட ஊசி தனியாக வேண்டும், கூர் ஊசி அந்த நூலை அறுத்துவிடும். இரண்டு மூன்று உடைக்கு ஒருமுறை ஊசியை மாற்றுங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் உடனே மிஷினைக் குறை சொல்வோம், பெரும்பாலும் மழுங்கிய ஊசிதான் காரணம். நம் ஊர் ஈரக்காற்றில் ஊசி துருவும் பிடிக்கும், துருப்பிடித்த ஊசி வெளிர்த் துணியில் கறை விடும். ஊசி டப்பாவில் ஒரு சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள்.

2. உங்கள் ஒரு வாரத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் ஏழு வரிசை. ஒவ்வொரு நாளும் எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள், எவ்வளவு நேரம் ஏர்கானில் இருக்கிறீர்கள், அந்த இடத்தில் உடைக்கு என்ன கட்டுப்பாடு. நடக்கிற வாரத்தை எழுதுங்கள், நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற வாரத்தை எழுதாதீர்கள்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், கோலாலம்பூரில் ஒரே நாளில் இரண்டு பருவநிலை. வெளியே 32, 33 டிகிரி, மதியத்துக்கு மேல் மழை, உள்ளே பற்கள் நடுங்கும் குளிர். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அகலமான பாவாடையும் தொங்கும் துப்பட்டாவும் ஆபத்து. செந்தூலில் இருக்கும் ஒரு தோழி நீளமான ஃப்ராக்காகவே திட்டம் போட்டு வைத்திருந்தார், தினமும் மோட்டாரில்தான் வேலைக்குப் போகிறார், அந்தத் தாளை எழுதிய பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. அரசாங்க அலுவலகத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் கையில்லாத சட்டையையும் முட்டிக்கு மேல் ஏறும் பாவாடையையும் பட்டியலில் சேர்க்காதீர்கள், வாசலிலேயே நிறுத்துவது உண்டு. அரசு ஊழியராக இருந்தால் வியாழக்கிழமைக்குப் பத்திக் வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழக்கம் இருந்தால் அதற்கும் ஒரு வரி.

தீபாவளி, திருமணம், தைப்பூசம் இந்தத் தாளில் வரக் கூடாது. அவற்றைச் சேர்த்தால் ஜரிகைத் துணி மெல்ல உள்ளே நுழைந்துவிடும், அன்றாட உடை பின்னால் போய்விடும்.

3. அலமாரியைக் கொட்டுங்கள்

எல்லாவற்றையும் கட்டிலில் போட்டு, அடிக்கடி போடுபவை, எப்போதாவது போடுபவை, தொடாதவை என்று பிரியுங்கள். தொடாத ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்: கை தூக்கினால் இழுக்கிறது, உட்கார்ந்தால் ஏறுகிறது, காய இரண்டு நாள் ஆகிறது, பை இல்லை. இந்தக் காரணங்கள் பின்னால் துணி தேர்வுக்கும் பேட்டர்னுக்கும் (துணி வெட்ட உதவும் தாள் வடிவம்) நேராகப் பயன்படும்.

அடிக்கடி போடுகிற மூன்றை எடுத்துத் தரையில் விரித்து அளந்து குறியுங்கள்: அக்குளுக்குக் கீழே அகலம், தோள், கை நீளம், மொத்த நீளம், பேண்டுக்கு இடுப்பும் தொடையும். உடம்பை அளந்தால் உடம்பின் அளவுதான் கிடைக்கும். பிடித்த சட்டையை அளந்தால் உங்களுக்கு எவ்வளவு தளர்வு பிடிக்கும் என்பதும் சேர்ந்து கிடைக்கும், அதை எந்த அளவு அட்டவணையும் சொல்லாது.

நன்றாக இருக்கும் கடை உடைகளைத் தூக்கிப் போட வேண்டாம், திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ், உள்ளாடை, மழைச் சட்டை இவற்றை வாங்கியே போடுங்கள்.

4. எத்தனை வேண்டும் என்பதைத் துவைக்கும் நாள் சொல்லும்

வாரத்துக்கு எத்தனை முறை துவைக்கிறீர்கள், கொண்டோ பால்கனியில் மழை நாளில் காய எவ்வளவு நேரம் ஆகிறது? வாரத்துக்கு இரண்டு முறை துவைத்து, காய ஒன்றரை நாள் ஆகிறது என்றால், வேலைக்கு ஐந்து நாள் போகிற ஒருவருக்கு ஆறு மேல்சட்டை, மூன்று பேண்ட் அல்லது பாவாடை, ஏர்கானுக்கு ஒரு மெல்லிய முன்திறப்பு வெளிச்சட்டை போதும். எல்லா மேல்சட்டையும் எல்லாப் பேண்டோடும் சேர்ந்தால் 18 ஜோடி ஆகிறது. இதற்கு மேல் முதல் சுற்றில் போடாதீர்கள். இருபது உருப்படி எழுதியவர்கள் ஏழாவதோடு களைத்து நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தும்போது கையில் இருப்பது பெரும்பாலும் ஏழு மேல்சட்டையும் பேண்டே இல்லாத நிலையும்.

5. நிறத்தைக் கீழிருந்து முடிவு செய்யுங்கள்

முதலில் பேண்டின் நிறம். கருநீலம், காக்கி, சாம்பல், கறுப்பு இவற்றில் இரண்டு. அதன் பிறகு அந்த இரண்டோடும் சேரும் மேல்சட்டை நிறங்கள் மூன்று. ஆறு மேல்சட்டையில் பூப்போட்டதும் கட்டம் போட்டதும் இரண்டுக்கு மேல் வேண்டாம். கடையில் கண்ணைப் பறிப்பது பூத்துணிதான், வீட்டுக்கு வந்ததும் எதோடும் சேராமல் தனியாக நிற்பதும் அதுதான்.

நிறம் குறைவாக இருந்தால் தைக்கிற வேலையும் குறையும். ஒரே நூல்கண்டில் மூன்று உடை ஓடும், பாபின் மாற்றத் தேவையில்லை, பட்டனும் ஒரே அட்டையிலிருந்து எடுக்கலாம். நாகரிகமாகத் தெரிவதற்கும் இதுவே சுலபமான வழி, ஏனென்றால் பேண்டும் மேல்சட்டையும் ஒரே குடும்பத்து நிறமாக இருந்தால் சாதாரண வெட்டுக்கூட யோசித்துப் போட்டது மாதிரி இருக்கும்.

6. மூன்று பேட்டர்ன், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி

எலாஸ்டிக் வைத்த நேர் பேண்ட் ஒன்று, குர்த்தி அல்லது இடுப்புக்குக் கீழ் வரும் மேல்சட்டை ஒன்று, முன்திறப்பு வெளிச்சட்டை ஒன்று. கழுத்தையும் கை நீளத்தையும் மாற்றினாலே ஒரே குர்த்தியிலிருந்து நான்கு வரும். உடைக்கு ஒரு புதுப் பேட்டர்ன் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அளவு சரிசெய்யும் தலைவலி முதலிலிருந்து தொடங்கும்.

பேட்டர்ன் மூன்று வழியில் கிடைக்கும். படிக்கும்போது வரைந்து பழகியிருந்தால் நீங்களே வரையலாம். பிடித்த உடையைப் பிரிக்காமல் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து எடுக்கலாம். இல்லையென்றால் அச்சடித்ததை வாங்கலாம், அப்படி வாங்கினால் தையல் ஓரம் (தையலுக்காக விடும் கூடுதல் துணி) சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புர்டா இதழ்ப் பேட்டர்னில் சேர்ந்திருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் உறைகளில் 5/8 அங்குலம் சேர்ந்தே வரும். ஃபைலாக வாங்கி அச்சடிப்பவர்கள் 100 சதவீதத்தில் அச்சடித்து, முதல் பக்கத்தில் இருக்கும் சோதனைச் சதுரத்தை ஸ்கேலால் அளந்த பிறகு மற்ற பக்கங்களுக்குப் போங்கள்.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் தடுக்குகிற இடம் மார்பு. மார்பின் சுற்றளவை வைத்து எடுத்தால் பலருக்குத் தோளும் கழுத்தும் பெரிதாகி வழியும். அக்குளை ஒட்டி மேல் மார்பைச் சுற்றி அளந்து அதற்கேற்ற அளவை எடுங்கள், மார்புப் பகுதியை மட்டும் தனியாக அகலப்படுத்துங்கள். மார்பை அகலப்படுத்துவதும் இடுப்பை விரிப்பதும் சுலபம், தோளைத் திருத்துவது சள்ளை பிடித்த வேலை. தளர்வு என்று பார்த்தால், நம் வெயிலுக்குக் குர்த்தியில் மார்பைச் சுற்றி 8 முதல் 12 செ.மீ. கூடுதல் இருக்கட்டும். சேலை ரவிக்கை தைத்துப் பழகிய கை இதில் தானாகவே இறுக்கிவிடும், கவனமாக இருங்கள்.

பிறகு மாதிரி உடை. பழைய பெட்ஷீட்டிலோ பழைய காட்டன் சேலையிலோ வெட்டி, பெரிய தையலாகப் போட்டு, போட்டுப் பாருங்கள். நின்று பார்த்தால் போதாது. கையை மேலே தூக்கி ரயிலில் கைப்பிடியைப் பிடிப்பது மாதிரி செய்யுங்கள், நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். பேண்டில் உட்காரும்போது பின்பக்கம் கீழே இறங்கினால் இரண்டு கால்களும் சேரும் அடிவளைவுக்கு நீளம் போதவில்லை என்று அர்த்தம், இடுப்பை அகலமாக்கி அது சரியாகாது. மாற்றங்களை அங்கேயே பேனாவால் எழுதி, பேட்டர்ன் தாளிலும் ஏற்றிவிடுங்கள். நேரம் வீண் என்று இந்தப் படியைத் தாண்டுபவர்கள் அதிகம், ஆனால் ஒரு பேட்டர்னைச் சரிசெய்துவிட்டால் அடுத்த ஐந்து உடையில் அளவு பார்க்கும் வேலையே இருக்காது.

7. இப்போது துணிக்கடை

பட்டியல், பேட்டர்ன், மேலே குறித்த நிறங்களில் ஒரு பழைய துணித் துண்டு, இஞ்ச் டேப் இவற்றோடு போங்கள். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், ஜாலான் மஸ்ஜித் இந்தியா இரண்டும் பக்கம் பக்கம், மஸ்ஜித் ஜாமெக் நிலையத்திலோ பண்டாராயா நிலையத்திலோ இறங்கி நடக்கலாம். வார நாள் காலை நல்லது. சனிக்கிழமை மாலை லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் பசார் மாலாம் (இரவுச் சந்தை) கூடிவிடும், அந்தக் கூட்டத்தில் நின்று துணி தேர்ந்தெடுக்க முடியாது. ஹரிராயாவுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களையும் தவிர்த்துவிடுங்கள், அப்போது கடைக்காரருக்கு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. பினாங்கில் இருப்பவர்களுக்கு லெபோ பசார் சுற்றுவட்டாரம்.

துணியின் அகலத்தை முதலில் கேளுங்கள், "பிடாங்" எத்தனை என்று கேட்டால் சொல்வார்கள், 45 அல்லது 60 அங்குலம். மீட்டர் கணக்கு முழுக்க இதில்தான் இருக்கிறது. நடுத்தர அளவுக்கு ஒரு கணக்கு: 60 அங்குலத்தில் நேர் பேண்டுக்கு பேண்டின் நீளமும் 20 செ.மீ.யும், குர்த்திக்கு குர்த்தி நீளமும் கை நீளமும் 20 செ.மீ.யும். 45 அங்குலத்தில் இரண்டுக்குமே நீளத்தைப் போல இரண்டு மடங்கும் 20 செ.மீ.யும். உடம்பு கொஞ்சம் பெரிதாக இருந்தாலோ, கட்டமும் பூவும் பொருத்த வேண்டியிருந்தாலோ அரை மீட்டர் கூட எடுங்கள். கஜக் கணக்கில் விற்கும் கடையில் 1 கஜம் 91 செ.மீ.தான், மீட்டர் என்று நினைத்துக் கேட்டால் குறையும்.

மலாய்ப் பெண்கள் போடும் பாஜு குரோங்குக்காக 4 மீட்டராக வெட்டி மடித்து வைத்திருக்கும் ஜோடித் துணி மலிவாகத் தெரியும். மேலும் கீழும் ஒரே பூவில் வருவதால் அதில் தைத்த மேல்சட்டையும் பேண்டும் தங்களுக்குள்தான் சேரும், மற்றதோடு சேராது. உங்கள் பட்டியலில் அது இல்லையென்றால் கடந்து போங்கள்.

எந்த ரகம் எடுக்கலாம்? பேண்டுக்கு நடுத்தர கனமுள்ள காட்டன் அல்லது காட்டன் கலந்த லினன். லினன் சீக்கிரம் காயும், ஆனால் கசங்கும், அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் கலப்பாக எடுங்கள். மேல்சட்டைக்கு ரேயானும் மெல்லிய காட்டனும். ரேயான் உடம்பில் அழகாக விழும், குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் துவைத்தால் சுருங்கும், ஈரமாக இருக்கும்போது அதன் நூலுக்குப் பலம் குறைவு. பாலியெஸ்டர் கசங்காது, உடனே காயும், அதனால் கடைக்காரர் அதைத்தான் தள்ளுவார். வேர்வையை உறிஞ்சாது, வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நடந்து போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம், காரில் ஏறி ஏர்கானில் இறங்குகிறவர்களுக்குப் பரவாயில்லை.

கடையிலேயே மூன்று சோதனை. ஒரு மூலையை உள்ளங்கையில் பத்து விநாடி கசக்கி விடுங்கள், அந்தக் கசங்கல்தான் ரயிலிலிருந்து இறங்கும்போது உங்கள் மடியில் இருக்கும். ஒரு மடிப்பின் கீழே கையை வைத்துப் பாருங்கள், தோல் நிறம் தெரிந்தால் லைனிங் செலவும் சேரும். மூன்றாவதாக, துணியைக் கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை வரை கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கேட்டுவிட்டுத்தான். கடை விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும்.

"காட்டன்தான்" என்று சொன்னதில் சந்தேகம் இருந்தால், முதலில் கால் மீட்டர் வாங்கி வீட்டில் சோதியுங்கள். நான்கைந்து நூலை இடுக்கியில் பிடித்துப் பாத்திரத் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். காட்டனும் ரேயானும் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும்.

பத்திக் சாரோங் துணியில் மேல்சட்டை வெட்டுவதாக இருந்தால், வேறு வடிவமாக வரும் அந்தக் "கெப்பாளா" பட்டை எங்கே வர வேண்டும் என்று கடையிலேயே முடிவு செய்யுங்கள். முதுகு நடுவில் வந்தால் அழகு. யோசிக்காமல் வெட்டினால் பக்கவாட்டில் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கும்.

முதல் முறை ஒரு பேண்டுக்கும் இரண்டு மேல்சட்டைக்கும் மட்டும் வாங்குங்கள்.

8. துவைக்காமல் கத்தரி வைக்காதீர்கள்

வெட்டிய இரு முனைகளிலும் வளைவுத் தையல் ஓட்டிவிட்டு, தைத்த பிறகு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயப் போடுங்கள். காட்டன் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், ரேயான் அதற்கு மேலும் போகும். ஒரு மீட்டர் நீளக் குர்த்தியில் 5 சதவீதம் என்றால் 5 செ.மீ., முட்டிக்குக் கீழ் இருந்தது முட்டிக்கு வந்துவிடும். மேலே கணக்கில் 20 செ.மீ. கூட எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

சாயம் போகிறதா என்று வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், அதை நம்பி வெள்ளைச் சட்டையோடு சேர்த்துப் போட வேண்டாம்.

காய்ந்ததும் இஸ்திரி போட்டு, கரைக்கு இணையாகப் பேட்டர்னில் இருக்கும் அம்புக்குறி விழுகிறதா என்று இரண்டு முனையிலும் அளந்து பார்த்து வெட்டுங்கள். துணி போதவில்லை என்று கொஞ்சம் சாய்த்து வைத்தால் பேண்டின் கால் துவைக்கத் துவைக்க முறுக்கிக்கொள்ளும். தைத்த பிறகு அதற்கு மருந்தே இல்லை.

9. தைக்கும் வரிசை

முதலில் எலாஸ்டிக் பேண்ட். எல்லாம் நேர்த்தையல், வளைவு ஒன்றே ஒன்று, முடிந்ததும் இருக்கிற சட்டைகளோடு உடனே போடலாம். இரண்டாவது, உடலோடு கை சேர்த்து வெட்டும் தளர்வான மேல்சட்டை, கழுத்துப் பட்டி பழக. மூன்றாவது, தனியாகக் கை வைக்கும் குர்த்தி. பிறகு இரண்டாவது பேண்டும் மேல்சட்டைகளும். வெளிச்சட்டையைக் கடைசிக்கு முன்னால் வையுங்கள், காலர், காஜா, பட்டன் எல்லாம் அதில்தான் வருகிறது. ஜிப் வைத்த பேண்ட் ஆசையிருந்தால் எல்லாவற்றுக்கும் பிறகு.

ஒரே நிறத்தில் இரண்டை ஒன்றாக வெட்டி ஒன்றாகத் தைக்கலாம். ஆறையும் ஒன்றாக வெட்டி அடுக்காதீர்கள், முதல் உடையைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாற்றத்தை மற்ற ஐந்தில் செய்ய முடியாமல் போகும்.

10. உள்பக்கம், பை, ஓரம்

ஒவ்வொரு தையலையும் அடுத்த தையல் குறுக்கே வருவதற்கு முன் இஸ்திரி போட்டுவிடுங்கள். வீட்டில் தைத்தது என்று பார்த்ததும் தெரிவது பெரும்பாலும் இது செய்யாததால்தான்.

மெல்லிய துணிக்குப் பிசிறு உள்ளே மறைகிற இரட்டைத் தையல் போடுங்கள்: உள்பக்கங்கள் ஒட்டுமாறு வைத்து 0.6 செ.மீ.யில் முதல் தையல், பிசிறை நறுக்கி, திருப்பி, 0.9 செ.மீ.யில் இரண்டாவது. மொத்தம் 1.5 செ.மீ., பேட்டர்ன் ஓரத்துக்குச் சரியாக இருக்கும், ஓவர்லாக் தேவைப்படாது. பேண்டின் அடிவளைவில் இரண்டு முறை தைத்து வளைவுத் தையல் போட்டால் போதும், அங்கே இந்த முறை தடித்து உறுத்தும்.

பேண்டிலும் குர்த்தியிலும் பை வையுங்கள். போனையும் டச் அண்ட் கோ பயண அட்டையையும் போட்டுக் கை நுழைகிற அளவு வேண்டும். மெல்லிய துணியில் பக்கத் தையலோடு மட்டும் தைத்த பை போன் கனத்தில் தொங்கும், அதனால் பேண்டில் பையின் மேல் விளிம்பை இடுப்புப் பட்டியோடு சேர்த்து அடியுங்கள்.

விரிவான அடிப்பகுதி உள்ள ரேயான் உடையை ஓர் இரவு மாட்டி வைத்துவிட்டு மறுநாள் ஓரம் மடியுங்கள், சாய்வாக வெட்டிய இடங்கள் கீழே இறங்கியிருக்கும். துவைத்த பிறகு ஈர ரேயானைத் தோளில் ஹேங்கர் போட்டுத் தொங்கவிடாதீர்கள், கனத்தில் இழுபடும். கம்பியில் பாதியாக மடித்துப் போடுங்கள்.

11. இரண்டு மாதம் போட்ட பிறகு

மூன்று உருப்படியைத் தைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி துணிக்கடை. எதை அடிக்கடி எடுக்கிறீர்கள் என்று தாளில் கோடு போடுங்கள். குறைவாகக் கோடு விழுந்த உடையில் என்ன குறை என்று பேட்டர்ன் உறையின் மேலேயே எழுதுங்கள்: "கை 3 செ.மீ. குறை", "கழுத்து பின்னால் அகலம்", "இந்தத் துணி இனி பேண்டுக்கு வேண்டாம்". துணி எந்தக் கடையில் வாங்கியது, அகலம் என்ன, எவ்வளவு சுருங்கியது என்பதையும் அதே உறையில் ஒரு சின்னத் துண்டோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள், நன்றாக வந்த துணியைத் திரும்பக் கேட்கப் போகும்போது அந்தத் துண்டைக் காட்டினால் போதும்.